‘கொலோனல்’ என்று படித்தவன்: வகுப்பைச் சிரிக்க வைப்பதில் அப்படி என்ன இருக்கு?



போன எபிசோடில் பரீட்சைக் கனவுகளைப் பற்றிப் பேசினோம். அதற்கு வந்த வாய்ஸ் நோட்களைக் கேட்டால், பாதிப் பேர் பரீட்சையை விட்டுட்டு வேற கதை சொல்லியிருக்கீங்க. வகுப்பு மொத்தமும் சிரித்த ஒரு நாளின் கதை. கடைசி பெஞ்சிலிருந்து யாரோ ஏதோ சொன்னது, மிஸ்ஸே சிரிப்பை அடக்க முடியாமல் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டது, இந்த மாதிரி. முடிக்கும்போது மட்டும் எல்லாரும் பேசி வைத்த மாதிரி ஒரே வரி: “இப்போ சொன்னா சிரிப்பு வரல ப்ரோ, ஆனா அன்னிக்கு செத்துட்டோம்.”

இன்றைய எபிசோட் அந்த வரியைப் பற்றித்தான். இன்னிக்குச் சிரிப்பே வராத ஒரு விஷயத்துக்கு அன்னிக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு? சிரிக்க வைத்தவனுக்கு அதில் அப்படி என்ன கிடைத்தது? என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதன் முதல் பாதியை நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். இரண்டாம் பாதியை இன்னிக்குத்தான் முதல் தடவையாகச் சொல்லப்போகிறேன்.

முறுக்கு

எட்டாம் வகுப்பு வரை நான் மணப்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்தேன். 2009-ல் அப்பாவுக்கு வேலை திருச்சிக்கு மாறியது. ஒன்பதாம் வகுப்புக்கு என்னை ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் பக்கத்து பெஞ்ச் பையன் கேட்டான், “எந்த ஊரு?” “மணப்பாறை.” அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து என் பெயர் முறுக்கு.

பட்டப்பெயர்கூடப் பரவாயில்லை. இங்கிலீஷ் பீரியட்தான் பிரச்சனை. மிஸ் வரிசையாக ஒவ்வொருத்தரையும் எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார். எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்காங்க, எனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டு, அதை மட்டும் மனசுக்குள்ளே பத்து தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும்.

ஒரு நாள் அந்தக் கணக்கு தப்பியது. எனக்கு முன்னால் இருந்தவன் லீவு. அவனுக்கு வரவேண்டிய பத்தி எனக்கு வந்தது. அதில் ஒரு ராணுவ அதிகாரி. சி, ஓ, எல், ஓ, என், இ, எல். நான் என்ன செய்வேன்? எழுத்து எப்படி இருக்கோ அப்படியே படித்தேன்: “கொலோனல்.”

அதை ‘கர்னல்’ என்று சொல்லணும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த வார்த்தையில் ‘ர்’ எங்கேயும் இல்லையே! இப்போ தெரியும், இங்கிலீஷ்காரர்கள் எழுத்தை இத்தாலியன் பக்கத்திலிருந்தும் உச்சரிப்பைப் பழைய பிரெஞ்சிலிருந்தும் வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் அது. ஆனால் அன்னிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நாற்பது பேர் சிரிக்கிறாங்க, என் காது சுடுது, புத்தகத்தில் எழுத்து எதுவும் தெரியல.

அடுத்த வாரம் அதே பாடத்தின் மீதி. என் முறை வந்தது. இந்தத் தடவை கணக்குச் சரி. என் பத்தியில் அந்த அதிகாரி மறுபடியும் வர்றார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ‘கர்னல்’ என்று சரியாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஏன் அப்படிச் செய்யலன்னு இன்னிக்கும் தெரியாது. அந்த வார்த்தைக்கு ஒரு வரி முன்னாலேயே நிறுத்தினேன். தலையைத் தூக்கி வகுப்பைப் பார்த்தேன். வகுப்பும் என்னைப் பார்த்தது. விறைப்பாக நின்று, ஒரு சல்யூட் அடித்து, “கொ...லோ...னல்!”

கூரை பிய்ந்துபோச்சு மக்களே. மிஸ் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், அதுவரை என்னோடு பேசாத நாலு பேர் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டாங்க. “முறுக்கு, இங்க வாடா.” ஒருத்தன் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம், இன்னொருத்தன் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு. அதே பட்டப்பெயர்தான், ஆனால் அன்னிக்குத்தான் அது என் பெயர் மாதிரி கேட்டது.

அதே வார்த்தை, வேற ரிசல்ட்

சாஃப்ட்வேர்காரன் மூளை இங்கேதான் மாட்டிக்கொள்ளும். அதே வார்த்தை, அதே வகுப்பு, அதே நாற்பது பேர். இன்புட் ஒன்று. முதல் வாரம் அவமானம், இரண்டாம் வாரம் வாழ்க்கையிலேயே சந்தோஷமான பத்து நிமிஷம். அப்போ மாறினது என்ன?

ராபர்ட் புரொவைன் என்று ஒரு உளவியலாளர், அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் இருந்தவர். சிரிப்பை லேபில் வைத்து ஆராய்வது கஷ்டம் என்று, மாணவர்களோடு சேர்ந்து மால்களிலும் கல்லூரி வளாகத்திலும் ஜனங்கள் சிரிப்பதை ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டார். சுமார் 1,200 சிரிப்புகள். ஒவ்வொரு சிரிப்புக்கும் சற்று முன்னால் என்ன பேசினாங்க என்பதையும் எழுதினாங்க.

அதில் ஜோக் மாதிரி இருந்தது எவ்வளவு தெரியுமா? 10 முதல் 20 சதவீதம்தான். மீதியெல்லாம் “சரி, அப்புறம் பாக்கலாம்”, “அதோ அவன் வர்றான் பாரு” மாதிரியான சாதாரணப் பேச்சு. இன்னொன்று, கேட்பவர்களைவிடப் பேசுபவர்கள் சுமார் 46 சதவீதம் அதிகமாகச் சிரித்தாங்க. மாணவர்களை டைரி எழுதச் சொல்லிப் பார்த்ததில், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது சிரிப்பது 30 மடங்கு அதிகம்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: சிரிப்பு வர்றதுக்கு ஜோக் ஒரு சாக்கு. நாம ஒரே இடத்தில், ஒண்ணா இருக்கோம் என்று ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொள்ளும் சிக்னல் அது.

இப்போ உங்க வாய்ஸ் நோட்களுக்கு வாங்க. “இப்போ சொன்னா சிரிப்பு வரல.” வராதுதான். நீங்க எங்களுக்கு அனுப்பியது ஜோக்கை மட்டும். அந்த ஜோக்குக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த மீதி விஷயங்களை அனுப்ப முடியாதே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த தூக்கம், கடைசி பெஞ்சுக்குக் காற்றே வராத ஃபேன், வருஷம் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்ததால் யார் எப்படித் தும்முவாங்க என்பது வரைக்கும் தெரிந்த பழக்கம், சத்தம் போடக் கூடாது என்ற சட்டம். என் லேப்டாப்பில் ஓடுகிற கோடு உங்க லேப்டாப்பில் ஓடாத கதைதான். கோடில் தப்பில்லை, சூழல் வேற.

அதனால்தான் ஆபீஸ் காலில் ஜோக் அடித்தால் செத்துப்போகுது. பன்னிரண்டு பேர் மியூட்டில். சிரித்தாலும் கேட்காது. ஒரு மஞ்சள் மூஞ்சி மட்டும் ஸ்க்ரீனில் மேலே மிதந்து போகும்.

வலியைத் தாங்க வைக்கிற சிரிப்பு

உடம்புக்குள்ளேயும் ஏதோ நடக்குது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு ஒரு சோதனை செய்தது. சிலருக்குச் சிரிப்பு வீடியோ, சிலருக்குச் சாதாரண வீடியோ. அதற்கு முன்னும் பின்னும் அவங்க எவ்வளவு வலி தாங்குறாங்க என்று பார்த்தாங்க. ஒரு முறை எப்படின்னா, ஃப்ரீசரில் வைத்து எடுத்த, ஒயின் பாட்டிலைக் குளிர வைக்கும் உறையைக் கையில் மாட்டிவிட்டு, “எவ்வளவு நேரம் தாங்குவீங்க?” சும்மா பார்த்தவங்களைவிட, கூட்டாக உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தவங்க அதிகம் தாங்கினாங்க. எண்டார்ஃபின் சுரப்பதுதான் காரணமாக இருக்கும் என்றாங்க. பின்னாடி 2017-ல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தில் 12 ஆண்களை அவங்க நண்பர்களோடு காமெடி பார்க்க வைத்து, மூளையை பெட் ஸ்கேன் எடுத்தாங்க. சேர்ந்து சிரித்த பிறகு மூளையில் அந்த வகை ரசாயனங்கள் வெளியானது ஸ்கேனில் தெரிந்தது.

டன்பார் சொல்லும் கணக்கு சுவாரசியமானது. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து நட்பு வளர்க்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் பார்க்க முடியும். மனுஷனுக்குக் கூட்டம் பெரிசு. சிரிப்பு ஒரே சமயத்தில் பல பேரைத் தொடும். ஒரே ஒரு சல்யூட்டில் நாற்பது பேருக்குப் பேன் பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்க.

வகுப்பைச் சிரிக்க வைப்பதில் இருக்கும் சந்தோஷம் எனக்கு இப்படித்தான் புரியுது. “நான் காமெடியன்” என்ற பெருமை அதில் கொஞ்சம்தான். பெரிய பங்கு, “என்னையும் உள்ளே சேர்த்துக்கிட்டாங்க” என்ற நிம்மதி.

எள்ளல் இரண்டு வகை

இதை நம்ம ஆட்கள் எப்பவோ யோசித்திருக்காங்க. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகள் எட்டு. அழுகை, அச்சம், கோபம் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் முதலில் வருவது நகை, அதாவது சிரிப்பு. அது எங்கிருந்து பிறக்குது என்று நாலு இடமும் சொல்லியிருக்கு. இளமை ஒன்று, குழந்தைத்தனத்தைப் பார்த்து வரும் சிரிப்பு. விவரம் தெரியாத தன்மையை ஒட்டி இரண்டு, பேதைமையும் மடனும். எல்லாத்துக்கும் முதலாக எள்ளல், கேலி.

இதற்கு உரை எழுதிய பேராசிரியர் ஒரு விஷயம் சொல்றார். அதைப் படித்தபோது லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எள்ளலில் பிறக்கும் சிரிப்பு இரண்டு வகையாம். நான் அடுத்தவனைக் கேலி செய்து சிரிப்பது ஒன்று. அடுத்தவன் என்னைக் கேலி செய்யும்போது நானும் சிரிப்பது இன்னொன்று.

இரண்டாவது வகை சிரிப்பு எனக்குத் தெரியும். சல்யூட் அடித்த அன்னிக்கு நான் சிரித்தது அதுதான். என்னைப் பார்த்துச் சிரித்தவங்களை என்னோடு சேர்ந்து சிரிக்க வைத்தேன். ஆனால் அதே சிரிப்பை இன்னொருத்தன் முகத்திலும் பார்த்திருக்கேன். இனிமேல்தான் இரண்டாம் பாதி.

பதினொன்றாம் வகுப்பு

பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது நான் வகுப்பின் ஆஸ்தான காமெடியன். ஆண்டு விழாவில் மிமிக்ரி, ஃப்ரீ பீரியடில் வாத்தியார் குரல், எல்லாம் முறுக்குதான். அந்த வருஷம் புதுசாக ஒரு பையன் சேர்ந்தான். பத்தாவதில் நல்ல மார்க், தமிழ் மீடியம், பக்கத்துக் கிராமம். என்ஜினியரிங் போகணும், அதற்கு இங்கிலீஷ் மீடியம் இருந்தால் நல்லது என்று வீட்டில் கடன் வாங்கிச் சேர்த்திருந்தாங்க.

பிசிக்ஸ் வகுப்பில் சார் ஒரு கேள்வி கேட்டார். அவனுக்குப் பதில் தெரியும். எழுந்து சொன்னான். நடுவில் ஒரு வார்த்தையை, எழுத்து எப்படி இருக்கோ அப்படியே படித்தான். என்ன வார்த்தை என்று இங்கே சொல்லப்போவதில்லை, ஏன்னு பின்னாடி புரியும்.

வகுப்பு லேசாகச் சிரித்தது. பெரிய சிரிப்புகூட இல்லை. நான் அந்த இரண்டு செகண்டில் அவன் குரலிலேயே, அவன் சொன்ன மாதிரியே, கையை ஆட்டி அதைத் திரும்பச் சொன்னேன். கூரை பிய்ந்துபோச்சு. அந்த வார்த்தையிலிருந்து ஒரு துண்டு அவனுக்குப் பட்டப்பெயராச்சு. நான் வைத்ததுதான்.

அவனும் சிரித்தான். அதைப் பார்த்துத்தான், “பையன் ஸ்போர்ட்டிவ்பா” என்று நினைத்தேன்.

சிரிப்பு எப்பவும் சந்தோஷம் இல்லை என்பதற்கு ஒரு பள்ளிக்கூடமே சாட்சி. 1962 ஜனவரி 30, இன்றைய தான்சானியாவில் விக்டோரியா ஏரிப் பக்கம் கஷாஷா என்ற ஊர். ஒரு மிஷன் பள்ளியின் விடுதியில் இருந்த மூன்று மாணவிகளுக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. அப்படியே பரவி, 159 மாணவிகளில் 95 பேருக்கு வந்தது. மார்ச் 18-ல் பள்ளியையே மூட வேண்டியதாச்சு. இதை இணையத்தில் ‘உலகத்தின் மிகப் பெரிய ஜோக்’ மாதிரி போடுவாங்க. ஆனால் அந்தப் பிள்ளைகள் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்து அவதிப்பட்டாங்க. யாரும் ஜோக் எதுவும் சொல்லவில்லை. கடுமையான மன அழுத்தம் உடம்பு வழியாக வெளியே வந்ததுதான் அது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் விளக்கினாங்க.

அந்தப் பையனும் சிரித்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், பன்னிரண்டாவது முடியும் வரை, வகுப்பில் யார் எழுப்பினாலும் அவன் பதில் ஒன்றுதான்: “தெரியல சார்.” பேப்பர் திருத்தி வந்தால் அவன்தான் முதல் மூன்று பேரில் ஒருத்தன். தெரியாமல் இல்லை. வாயைத் திறக்கல, அவ்வளவுதான்.

அந்த ஒரு வாரம்

போன மாதம் எங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ‘கொலோனல்’ கதையை எடுத்துப் போட்டாங்க. எல்லாரும் சிரித்து மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொருத்தன் அந்தப் பையனின் பட்டப்பெயரைப் போட்டு, “இவனை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டான். அவன் அந்த குரூப்பில்தான் இருக்கான். பார்த்துவிட்டான் என்றும் காட்டியது. பதில் வரல.

அன்னிக்கு ராத்திரி அவனுக்கு போன் பண்ணினேன். சாரி சொல்லத்தான் கூப்பிட்டேன், ஆனால் முதல் பத்து நிமிஷம் வேலை, கல்யாணம், அம்மா உடம்பு என்று சுற்றிச் சுற்றிப் பேசினோம். கடைசியில் சொன்னேன். அவன் சொன்னது இது: “விடுடா, சின்னப் பசங்க. ஆனா நீங்க எல்லாரும் ஒண்ணு சொல்வீங்க, ‘நீயும்தானே சிரிச்ச’ன்னு. வேற என்னடா பண்ணச் சொல்ற அன்னிக்கு?”

கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னான். “காலேஜ்ல வைவாவுக்கு முந்தின நாளெல்லாம் நான் தூங்கவே மாட்டேன். பதில் தெரியும், வார்த்தை பயம்.”

அவன்கிட்ட கேட்டுத்தான் இதை இங்கே சொல்றேன். “பேரைச் சொல்லாத, அந்த வார்த்தையையும் சொல்லாத, மத்ததைச் சொல்லிக்கோ” என்றான்.

போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்க இரண்டு பேர் கதையும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது. தமிழ் மீடியம், புது வகுப்பு, ஒரு தப்பான உச்சரிப்பு, ஒரு சிரிப்பு. பிறகு ஏன் நான் காமெடியன் ஆனேன், அவன் ஊமையானான்? எனக்கு நடுவில் ஒரு வாரம் கிடைத்தது. அந்த ஒரு வாரத்தில் யாரும் என் ‘கொலோனலை’ எடுத்து மிமிக்ரி செய்யல. அது என் தப்பாகவே, என்கிட்டயே இருந்தது. அதனால் இரண்டாம் தடவை நானே அதை எடுத்து விளையாட முடிந்தது. அவனுக்கு அந்த ஒரு வாரத்தை நான் கொடுக்கல. இரண்டு செகண்டில் அவன் வார்த்தையைப் பிடுங்கி என் ஜோக்காக மாற்றிக்கொண்டேன். என்னை உள்ளே சேர்த்த அதே கதவை அவன் முகத்தில் சாத்தினது நான்தான்.

இதனால் யாரையும் கலாய்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரல. நண்பர்களுக்குள்ளே கலாய்க்காமல் இருந்தால் அது நட்பா? நான் இப்போ பார்ப்பது ஒன்றுதான்: இந்த ஜோக் யாருடையது? அவங்க தப்பை அவங்களே எடுத்துச் சிரிக்கிறாங்கன்னா, நானும் சேர்ந்து சிரிக்கலாம். அவங்க இன்னும் அதை எடுக்கல, காது சுட நின்னுட்டு இருக்காங்கன்னா, அது என் ஜோக் இல்லை. அப்போ அவங்க சிரித்தாலும் அதைச் சம்மதமாக எடுத்துக்கக் கூடாது. சிரித்த பிறகு அவங்க பேசுறாங்களா, இல்ல அடங்கிப் போயிடுறாங்களா, அதைப் பாருங்க.

எங்க டீமில் இப்போ ஒரு ஃப்ரெஷர் சேர்ந்திருக்காங்க. போன வாரம் டெமோவில் ஒரு டூலின் பெயரைத் தப்பாகச் சொன்னாங்க. எனக்குள்ளே இருக்கும் முறுக்குக்கு இரண்டு செகண்டில் ஒரு செம லைன் வந்தது. மியூட்டிலேயே இருந்தேன். இரண்டு நாள் கழித்து அவங்களே ஸ்டாண்டப்பில் அந்த டூலை அதே தப்பான பெயரில் கூப்பிட்டு, “இனிமே இதுதான் இதோட பேரு” என்றாங்க. பன்னிரண்டு பேரும் அன்மியூட் பண்ணிச் சிரித்தோம். ஆபீஸ் காலில் அப்படிச் சத்தம் நான் கேட்டதே இல்லை.

சரி மக்களே, இந்த வாரக் கேள்வி. வகுப்பு சிரித்த அந்த நாளில் நீங்க எங்கே இருந்தீங்க? சிரிக்க வைத்தவரா, சிரித்தவரா, இல்ல நடுவில் நின்னவரா? ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டாக அனுப்புங்க. மற்றவங்க பெயர் வேண்டாம்.

இந்த எபிசோடைப் போடுறதுக்கு முன்னாடி அவனுக்கு ஆடியோவை அனுப்பியிருந்தேன். பதில் இப்போதான் வந்தது. “கேட்டேன். ஓகே. போடு முறுக்கு.”

அடுத்த வாரம் பார்க்கலாம்.